மோதிரத்தைவிட மஞ்சளான மாப்பிள்ளை

ஆண்களுக்குத் தங்கள் நிறத்தைப் பற்றிய கவலையே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்யாணம் நிச்சயமான ஆணுக்கு அதைத் தவிர வேறு கவலையே கிடையாது. வெளியே சொல்ல மாட்டான், அவ்வளவுதான். மண்டபம், சமையல்காரர், பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்றெல்லாம் பெரிய மனிதன்போலப் பேசிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்ப்பான். நானும் பார்த்தேன். பார்த்ததோடு விட்டிருந்தால் இன்றைக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. சொந்த ஊர் அருப்புக்கோட்டை. வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஏர் கம்ப்ரசர்களைப் பழுது பார்க்கும் ஒரு சின்ன கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். இன்ஜினியர் என்றதும் ஏசி அறையை நினைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் பைக்கில் ஏறினால் ஆவடி, திருமழிசை என்று பட்டறை பட்டறையாகச் சுற்றிவிட்டு, ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருந்த வாடகை ஃப்ளாட்டுக்குத் திரும்பும்வரை என் தலைக்குமேல் இருந்த ஒரே கூரை ஹெல்மெட்தான். இதன் பலனாக என் நெற்றி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம். அரைக்கைச் சட்டை முடியும் இடத்தில் கோடு போட்டதுபோல ஒரு நிறம் முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கும். மணிக்கட்டில் வாட்ச் கட்டிய இடம் மட்டும், நான் பிறந்தபோது எப்படி இருந்தேன் என்பதற்குச் சாட்சியாக வெளுத்துக் கிடந்தது.

பெண் ரேவதி. கரையான்சாவடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். ஒரே மகள். அவளுடைய அப்பா குடித்துக் குடித்துக் கல்லீரல் கெட்டு, உடம்பெல்லாம் மஞ்சளாகி, அவள் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். அதனால் பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய அம்மா என் சம்பளத்தைக் கேட்கவில்லை, சொத்தைக் கேட்கவில்லை. குடிப்பீர்களா தம்பி என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இல்லை என்றேன். அது நிஜம். (நிஜத்தைச் சொல்லிவிட்டு இவ்வளவு அவஸ்தைப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.) அந்த வீட்டில் ஆம்பிளை என்று சொல்ல இருந்தவர் அம்மாவின் தம்பி ஏழுமலை மாமா. பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். என் பதிலைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். சம்பந்தம் முடிவாயிற்று.

தை மாதக் கடைசியில் பூ வைத்தார்கள். வைகாசியில் கல்யாணம். அன்றைக்குப் பந்தியில் எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் வீட்டு அம்மாள் ஒருவர், பக்கத்து இலைக்காரரிடம், பொண்ணு எவ்வளவு பளிச்சென்று இருக்கிறாள், மாப்பிள்ளை மட்டும் வெயிலில் போட்டு எடுத்த வற்றல்போல இருக்கிறாரே, போட்டோவில் எடுபடுமா என்று கவலைப்பட்டார். பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மனது ரொம்ப வலித்தது. அதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

இரண்டாவது முட்டாள்தனத்தை அன்று இரவே மொபைலில் கண்டெடுத்தேன். டை கட்டிய ஒருவர் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். நாம் சாப்பிடுவதற்கும் தோலுக்கும் சம்பந்தம் உண்டாம். கேரட், தக்காளி, பரங்கிக்காய், பப்பாளி இவற்றில் இருக்கிற நிறச்சத்து தோலில் போய்த் தங்கி, வெயிலின் தாக்குதலைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ள உதவுமாம். உள்ளிருந்தே வேலை செய்கிற சன்ஸ்கிரீன் என்றார். பல வாரம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். அவர் சொன்னதில் 'கொஞ்சம்' என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாம் என் காதில் விழுந்தன. அதற்கப்புறம் சேனலை சப்ஸ்கிரைப் செய்யுங்கள் என்று ஆரம்பித்தார். வீடியோவை மூடிவிட்டேன். மனிதர்கள் வேண்டுகோள் வைக்க ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவது என் சுபாவம்.

மறுநாளிலிருந்து தினம் ஒரு கிலோ கேரட். காலையில் டெப்போ வாசல் ஜூஸ் கடையில் இரண்டு கிளாஸ். சர்க்கரையும் பாலும் வேண்டாம் என்றதால் கடைக்காரர் முதல் வாரம் எனக்குச் சர்க்கரை வியாதி என்று பரிதாபப்பட்டார், இரண்டாம் வாரம் கேரட்டு சார் என்று பெயர் வைத்தார். மத்தியானம் டிபன் பாக்ஸில் பச்சைக் கேரட். கம்பெனியில் எல்லோரும் குழம்பைப் பிசைந்து சாப்பிடும்போது நான் மட்டும் கடக்முடக்கென்று மென்றுகொண்டிருப்பேன். ராத்திரி தக்காளித் தொக்கும் அரைப் பப்பாளியும். உள்ளே சன்ஸ்கிரீன் போட்டாகிவிட்டதே, இனி வெளியே எதற்கு என்று, பைக் ஓட்டும்போது கையில் மாட்டுகிற துணி உறையைத் தூக்கி மூலையில் போட்டேன். முகத்துக்குப் பூசுகிற சன்ஸ்கிரீன் டியூபை டில்லிபாபுவிடம் தானமாகக் கொடுத்தேன்.

டில்லிபாபு எங்கள் கம்பெனி மெக்கானிக். பிறந்து வளர்ந்தது எல்லாம் அம்பத்தூர். டியூபை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, கல்யாண மாப்பிள்ளை நீ பூசிக்காமல் எனக்கு எதற்கு என்று கேட்டான். எனக்கு இனிமேல் தேவைப்படாது என்று ரகசியமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருந்து எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். தொழில்புத்தி அப்படி. எந்த இயந்திரத்தையும் ஓட்டிப் பார்க்காமல் ஒப்படைக்க மாட்டேன். இடது கையை முழுக்கைச் சட்டைக்குள் பத்திரமாக விட்டு, வலது பக்கத்துச் சட்டையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடியில் கையை நீட்டியபடி நின்றேன். ஒரு மணி நேரம். துணி காயப்போட வந்த கீழ்வீட்டு அக்கா என்னைப் பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார். பஸ்ஸுக்கா நிற்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஈரத்துணியோடு இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் வலது கை செங்கல் நிறத்துக்கு வந்தது. ராத்திரி போர்வை பட்டாலே உயிர் போயிற்று. அடுத்த வாரம் தோல் உரிந்தது. மூளை இருக்கிறவன் என்றால் கேரட் இதற்கெல்லாம் உதவாது என்று முடிவு செய்திருப்பான். நான், கேரட் போதவில்லை என்று முடிவு செய்தேன். ஒரு கிலோ ஒன்றரை கிலோ ஆயிற்று.

நிறம் மாறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. கண்ணாடியில் முகம் ஒரு மாதிரி மினுமினுத்தது. உள்ளங்கை பொன்னிறமாக வந்துகொண்டிருந்தது. டில்லிபாபு ஒருநாள் ஸ்பானர் கொடுக்கும்போது என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா மாமே, கைய மஞ்சத்தண்ணில முக்கிகினு வந்தியா?"

களை, கல்யாணக் களை என்று சொல்லிவிட்டு ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டேன். ரேவதியிடம் போனில் பேசுவேனே தவிர வீடியோவில் வர மாட்டேன். பூ வைத்தபின் கல்யாணம்வரை இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொள்ள வேண்டாம் என்று அவளுடைய அம்மா வேறு சொல்லியிருந்தார். எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. மணமேடையில் ஒரேயடியாக அசத்திவிடலாம் என்று இருந்தேன்.

சித்திரையில் மோதிரத்துக்கு அளவு கொடுக்கக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் போடுகிற மோதிரம் அது. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு நகைக்கடை. ரேவதியின் அம்மாவும் ஏழுமலை மாமாவும் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். நான் திருமழிசையில் வேலையை முடித்துவிட்டு, லாரிப் புழுதியில் குளித்து, கண் எரிய எரிய வந்து சேர்ந்தேன்.

நகைக்கடை வெளிச்சம் இருக்கிறதே, அது பொய் சொல்லாது. கண்ணாடி மேஜைமேல் வெள்ளை வெல்வெட் பட்டை. அதன்மேல் கையை வைக்கச் சொன்னார் விற்பனையாளர். வைத்தேன். மோதிரத்தை விரலில் மாட்டினார். பார்த்தார். மேஜை விளக்கை இன்னும் கிட்டே இழுத்துப் பார்த்தார். பிறகு கழற்றி, இன்னும் கொஞ்சம் கெட்டியான மோதிரம் ஒன்றை மாட்டினார். அதுவும் தெரியவில்லை. விரலும் மோதிரமும் ஒரே நிறத்தில் இருந்தன. சொல்லப்போனால் விரல் ஒரு மாற்றுக் கூடுதலாகவே இருந்தது. அவர் என் கையை மெல்லப் புரட்டி உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, தன் கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற ரேவதியின் அம்மாவின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். ரத்தம் சுண்டிப்போய் நின்றுகொண்டிருந்தார். அந்த மஞ்சளை அவர் ஏற்கெனவே ஒரு கையில் பார்த்தவர். மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்.

ஏழுமலை மாமா என் முகவாயைப் பிடித்து விளக்குக்கு நேராகத் திருப்பினார். கடையில் நகை பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் இப்போது என்னைப் பார்த்தார்கள். கண் மஞ்சளாக இருக்கிறதா என்று ரேவதியின் அம்மா கேட்டார். மாமா நிதானமாகப் பார்த்துவிட்டு, மஞ்சளா இல்லக்கா, செவந்து கீது என்றார். அவர் சொன்ன விதத்தில் மஞ்சளே தேவலை என்று எனக்குத் தோன்றியது. பிறகு என் காதோரம் குனிந்தார்.

"மாப்ள, மன்சுல வச்சிக்காதீங்க. சரக்கு அடிப்பீங்களா?"

இல்லை மாமா, வெயில் சூடு என்றேன். வாயில் அதுதான் வந்தது. அந்த நிமிடத்தில் கேரட் என்று மூன்று எழுத்தைச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் எதற்குக் கேரட் என்று அடுத்த கேள்வி வரும். கல்யாண போட்டோவில் பளிச்சென்று தெரிவதற்காக என்று இருபது பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் வெயிலின்மேல் பழியைப் போட்டேன்.

"நானும் இருவது வருசமா வெயில்ல தான் ஆட்டோ ஓட்டிகினு கீறேன்," என்றார் மாமா, தன் முழங்கையை நீட்டி. "கறுத்துச்சி. மஞ்சளாவல."

ரேவதியின் அம்மா மோதிரத்தைத் தட்டில் திருப்பி வைத்தார். அளவை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

மாமா அப்படி விட்டுவிடுகிற ஆள் இல்லை. எனக்கு மஞ்சள் காமாலை என்று முடிவு கட்டி, வைத்தியத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில் ஷேர் ஆட்டோ ஐயப்பன்தாங்கலில் என் வாசலில் வந்து நின்றது. கையில் ஒரு தூக்கு, ஒரு பிளாஸ்க். தூக்கில் மோரில் கரைத்த கீழாநெல்லி. அதை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். அப்புறம் பத்தியம்: உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, புளி இல்லை, காரம் இல்லை. மாமி சமைத்து அனுப்புவது மட்டும்தான். இது என் பாவத்துக்குச் சரியான தண்டனைதான் என்று மோரைக் குடித்து முடித்தேன். அப்போது மாமா பிளாஸ்க்கைத் திறந்தார். ரத்தம் ஊற வேண்டும் அல்லவா, அதற்காகக் கேரட் ஜூஸ்.

நான் பிளாஸ்க்கைப் பார்த்தேன். பிளாஸ்க் என்னைப் பார்த்தது. மாமா, நான் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானத்துக்கு உப்பில்லாத பரங்கிக்காய்க் கூட்டு. சாயங்காலம் பப்பாளி. மாமி பாவம், எண்ணெய் சேராமல் என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் தேடித்தேடிச் செய்தார். சந்தையில் மஞ்சளாகவும் சிவப்பாகவும் இருந்த எதுவும் என் வயிற்றுக்குத் தப்பவில்லை. நான் ஒன்றரை கிலோவில் நிறுத்தியிருந்த வைத்தியத்தை மாமா இரண்டு கிலோவுக்குக் கொண்டுபோனார். இன்றைக்கு இறங்கியிருக்கிறதா என்று தினமும் காலையில் என் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார். அது தினமும் ஏறிக்கொண்டிருந்தது. நாலாவது நாள் உள்ளங்கால் சேர்ந்துகொண்டது. ஆறாவது நாள் மூக்கு.

இதற்கிடையில் ரேவதி விடாமல் போன் செய்துகொண்டிருந்தாள். லேபுக்கு ஒரு நடை வாங்க, ஒரு ட்யூப் ரத்தம் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும் என்றாள். சாக்குச் சொன்னேன். ஒருநாள் ஆவடியில் அவசர வேலை என்றேன். ஒருநாள் பைக் பஞ்சர். ஒருநாள் ஊசி என்றால் எனக்கு மயக்கம் வரும் என்றேன். எனக்கு நோய் இருப்பது தெரிந்துவிடுமே என்று பயந்து பரிசோதனைக்குப் போகாதவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நோய் இல்லை என்பது தெரிந்துவிடுமே என்று பயந்தவன் நான் ஒருவன்தான். நோய் இல்லாவிட்டால் இந்த மஞ்சள் எதனால் என்று கேட்பார்களே.

பத்தாவது நாள் காலையில் மாமா வந்தார். கையில் தூக்கும் இல்லை, பிளாஸ்க்கும் இல்லை. உள்ளே வரவில்லை. ஆட்டோவிலேயே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பத்திரிகை குடுக்கறத நிறுத்த சொல்லிட்ச்சி அக்கா. குடிக்கறவன் தான் ரத்தம் குடுக்க பயப்படுவான்னு சொல்லுது. எனக்கு உங்கள புடிச்சிகீது மாப்ள. ஆனா அது ஒரு தபா பாத்துட்ச்சி. இன்னொரு தபா பாக்க அதால முடியாது."

அதுவரை இது முழுக்க என் மானப் பிரச்சினை என்றுதான் நினைத்திருந்தேன். என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே, கேலி செய்வார்களே என்று என்னைச் சுற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். பத்து நாளாக அந்த வீட்டில் ஒரு பெண்மணி, புருஷன் செத்ததை மறுபடியும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் இங்கே பைக் பஞ்சர் என்று கதைவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. லேபுக்குப் போகலாம் மாமா என்று சொல்லி ஆட்டோவில் ஏறினேன். மாமா தன் அக்காவையும் வரச் சொல்லி வழியிலேயே போன் செய்தார்.

கரையான்சாவடி மெயின் ரோட்டில், மாடிப்படி ஏறிப்போகிற சின்ன லேப் அது. வரிசையாக நாற்காலிகள், எட்டுப் பத்துப் பேர். சிறுநீர்க் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி ஒரு பெரியவர். ரேவதி என்னைப் பார்த்தாள். பூ வைத்ததற்குப் பிறகு முதல் தடவையாகப் பார்க்கிறாள். மணமேடையில் அசத்தலாம் என்று வைத்திருந்த முகம் அங்கேயே அவளை அசத்திவிட்டது. கையுறையை மாட்டிக்கொண்டு, உட்காருங்கள் என்றாள்.

ரத்தம் எடுப்பதற்கு முன்னால் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். அந்தக் கண்ணையும் பார்த்தாள், இந்தக் கண்ணையும் பார்த்தாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அந்த இடத்தில் சந்தேகம் ஏறுவதை நான் ஒரு முழத் தூரத்தில் இருந்து பார்த்தேன்.

"என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள்.

"உங்க மாமா குடுக்கறத."

"அதுக்கு முன்னாடி?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஊசியைக் குத்தி ரத்தத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். (வழக்கமாக வலிக்காமல் குத்துவாளாம். அந்தப் பக்கத்தில் நல்ல பெயர். என்னிடம் அப்படிக் குத்தவில்லை.)

அந்த ஒரு மணி நேரம் ரேவதியின் அம்மா எனக்கு எதிர் நாற்காலியில் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேவதி தாளோடு வெளியே வந்தபோது எழுந்து நின்றுவிட்டார். கல்லீரலில் ஒரு குறையும் இல்லை, காமாலை இல்லவே இல்லை என்றாள் ரேவதி. காமாலை என்றால் முதலில் கண் வெள்ளைதான் மஞ்சளாகும், இவருக்குக் கண் சுத்தமாக இருக்கிறது என்றாள். அம்மாவுக்கு அது காதில் ஏறவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப இது இன்னா?" என்று மாமா என் கையைத் தூக்கிப் பிடித்தார். லேபில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

"கேரட் மாமா. தினம் ஒன்றரை கிலோ. மூணு மாசமா."

"இன்னாத்துக்கு?"

"வெயில் தாங்குறதுக்கு. கல்யாண போட்டோல கொஞ்சம் கலரா தெரியணும்னு."

கிண்ணம் பிடித்திருந்த பெரியவர் அதை நாற்காலியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ரேவதியின் அம்மா என் பக்கத்தில் வந்தார். பளாரென்று தோளில் ஒரு அடி வைத்தார்.

"பத்து நாளா எனக்கு சோறு எறங்கலையே தம்பி," என்று சொல்லிவிட்டு, அடித்த தோளையே பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதுவிட்டேன். மன்னிச்சிருங்கத்தே என்று சொன்னது அவருக்குக் கேட்டதோ என்னவோ. அவரை அதற்குமுன் அத்தை என்று கூப்பிட்டதில்லை.

மாமா மட்டும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஒன்பது நாளாகப் பிளாஸ்க்கில் தான் ஊற்றியது என்ன என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது.

ரேவதி அந்த வீடியோவைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அவள் பொறுமையாகக் கடைசிவரை பார்த்தாள். சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லிக் கெஞ்சி முடித்த பிறகும் அந்த டை கட்டியவர் பேசிக்கொண்டிருந்தார். சாப்பாடு உதவுமே தவிர, சாப்பாட்டை நம்பி வெறும் கையோடு வெயிலில் போகக் கூடாது, குடையும் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும்தான் முதல் என்றார். அளவுக்கு மேல் சாப்பிட்டால் உள்ளங்கை மஞ்சளாகும், பயப்பட வேண்டாம், நிறுத்தினால் மெல்ல மெல்லப் போய்விடும் என்றார். ரேவதி சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்திருந்தாள். லேபே கேட்டது.

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "நான் பாத்து சரின்னு சொன்னது அந்தக் கறுத்த ஆளத்தான். அவரு எப்ப திரும்பி வருவாரு?" என்று கேட்டுவிட்டு, பெரியவரின் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

என் நிறத்தைப் பார்த்தே ஒருத்தி என்னைச் சரி என்று சொல்லியிருப்பாள் என்ற யோசனை மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட எனக்கு வரவில்லை. வந்திருந்தால் எவ்வளவு கேரட் மிச்சமாகியிருக்கும்.

கறுத்த ஆள் கல்யாணத்துக்குள் வந்து சேரவில்லை. மெல்ல மெல்லப் போகும் என்று சொன்னவர் மெல்ல என்பதற்கு அளவு சொல்லவில்லை. நலங்கு வைத்த அன்று ஒவ்வொருவராக வந்து என் கன்னத்தில் மஞ்சள் பூசிவிட்டுப் பூசிய இடம் தெரியாமல் தடுமாறினார்கள். ஏற்கெனவே யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று ஒரு மாமி திரும்பியே போய்விட்டார். டில்லிபாபு மொய்க் கவரோடு நான் தானமாகக் கொடுத்த டியூபையும் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தான். பாதிதான் இருந்தது.

போட்டோகிராபர் நல்ல பையன். என்னை நிழலில் நிற்க வைத்துப் பார்த்தான், விளக்கை மாற்றிப் பார்த்தான், வேட்டியை மாற்றச் சொல்லிக் கேட்டான். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தான். கம்ப்யூட்டரில் என் மஞ்சளைக் குறைத்தால் ரேவதி நீலமாகிவிடுகிறாளாம், ரேவதியைச் சரி செய்தால் நான் பழுத்துவிடுகிறேனாம். மூன்று நாள் போராடிவிட்டு, அண்ணே, ஒரே ஒரு வழிதான் இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க என்றான். ரேவதியே சரி என்றாள்.

இப்போது நான் பைக்கில் ஏறினால் முழுக்கைச் சட்டை. கையுறை, சன்ஸ்கிரீன் எல்லாம் உண்டு. வாசலில் ரேவதி சோதித்துவிட்டுத்தான் அனுப்புவாள். கேரட்டும் உண்டு, பொரியலாக, மனிதர்கள் சாப்பிடுகிற அளவில். கறுத்த ஆள் திரும்பி வந்துவிட்டார். அவரைப் பற்றி வீட்டில் யாருக்கும் புகார் இல்லை.

போன மாதம் மகளுக்கு ஐந்து வயது முடிந்தது. கேக் வெட்டி முடித்ததும், அலமாரியில் இருந்து எங்கள் கல்யாண ஆல்பத்தை இழுத்து வந்து எல்லோர் நடுவிலும் விரித்து வைத்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். தாலி கட்டுவது கறுப்பு வெள்ளை. மாலை மாற்றுவது கறுப்பு வெள்ளை. பந்தி, ஐஸ்கிரீம், அவளுடைய அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவை, எல்லாம் கறுப்பு வெள்ளை. அப்பா, நீங்க கல்யாணம் பண்ணப்ப ஊருல கலரே இல்லையா என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை மாமா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கலரு நிறைய இருந்துச்சி கண்ணு. அத்தினியும் உங்கப்பன் மேலயே தீந்து போச்சி."